ரிங்லெட்டில் ரோடோடென்ட்ரான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாப்பாவிலிருந்து பழைய சாலையில் ஏறி வந்தால் மலேசியாவின் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். ரோடோடென்ட்ரான் பூச்செடிக்கு இதைவிட வாகான இடம் தேடினாலும் கிடைக்காது. அப்படியிருந்தும் வாங்கி வைத்த செடி ஆறு மாதத்தில் கருகிப் போகிறது என்ற புகார் ஓய்வதில்லை. பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மரக்கிளையில் தொற்றி வளர்ந்து பழகிய செடியைத் தோட்ட மண்ணில் புதைத்துவிடுகிறோம். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ரோடோடென்ட்ரான், அசேலியா, வீரேயா மூன்றும் வேறு வேறா?

மூன்றும் ஒரே குடும்பம். ரோடோடென்ட்ரான் என்பது பேரினத்தின் பெயர். கிரேக்கத்தில் ‘ரோஜா மரம்’ என்று பொருள். அசேலியா அதற்குள் ஒரு கிளை. மலையில் ஓட்டல் வாசல்களில் வேலி மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்களே, சின்ன இலையும் ரோஸ் பூவும், அது அசேலியா. வீரேயா இன்னொரு கிளை: தென்கிழக்கு ஆசியாவும் நியூகினியும் தாயகம், 300-க்கு மேற்பட்ட இனங்கள். 1826-இல் தாவரவியலாளர் புளூமே, வீரே என்ற பிரெஞ்சு மருந்தியலாளரைச் சிறப்பித்து இந்தப் பெயரை வைத்தார்.

கையில் செடி இருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். வீரேயா இலையின் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகச் செதில்கள் இருக்கும். அசேலியாவில் செதில் கிடையாது, மயிர்தான் இருக்கும். பூவில் மகரந்தத் தாள்களை எண்ணினாலும் தெரியும்: வீரேயாவில் பெரும்பாலும் 10, அசேலியா வகைகள் பலவற்றில் 5. இந்தப் பக்கத்தில் ‘ரோடோ’ என்று வருவதெல்லாம் வீரேயாதான். அசேலியாவுக்கு இவ்வளவு பாடம் தேவையில்லை, அது கொஞ்சம் முரட்டுச் செடி.

ஒரு பூச்செடிக்கு இவ்வளவு பைத்தியமா? அப்படி என்ன இருக்கிறது இதில்?

ஜவானிக்கம் என்ற வீரேயா இனம் ஒரு கொத்து பூத்திருக்கும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். கிளை நுனியில் இலைகள் குடைக் கம்பி மாதிரி வட்டமாக விரிந்திருக்கும். அதன் நடுவிலிருந்து பத்துப் பதினைந்து பூக்கள், ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றும் தடித்த மெழுகில் வார்த்தது போல. வெயில் பட்டாலும் செம்பருத்தி போல மாலைக்குள் சுருண்டு விழாது. பல நாள் நிற்கும்.

பருவம் என்று ஒன்று இல்லாததும் ஒரு காரணம். இங்கே குளிர்காலம் இல்லை, அதனால் செடி தனக்குத் தோன்றியபோது மொட்டு வைக்கும். பத்து வகை வைத்திருப்பவர் வீட்டில் ஏதாவது ஒன்று எப்போதும் பூத்திருக்கும்.

மணம் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு, ஆரஞ்சுப் பூக்களில் மணம் இராது. அவை தேன்சிட்டு போன்ற பறவைகளுக்காகப் பூப்பவை. பறவைக்கு நிறம் போதும். வெள்ளைப் பூக்கள் அந்துப்பூச்சிகளுக்காக. அவைதான் மணப்பவை, அதுவும் அந்தி சாய்ந்த பிறகு. ஜாஸ்மினிஃப்ளோரம் என்ற இனத்தின் பூ, நீண்ட மெல்லிய குழாயும் நுனியில் ஐந்து இதழுமாக அசல் மல்லிகை போலவே இருக்கும். பெயரும் அதனால் வந்ததுதான். ஜொகூரின் குனோங் லேடாங்கில் தாமஸ் லாப் சேகரித்து இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணைக்கு அனுப்பிய செடி அது, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்.

அந்த நாற்றுப்பண்ணைக்காரர்கள் வெள்ளை ஜாஸ்மினிஃப்ளோரத்தையும் ஆரஞ்சு ஜவானிக்கத்தையும் சேர்த்தார்கள். பிறந்தது ரோஸ் நிறம்! ‘பிரின்சஸ் ராயல்’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் வெறும் ஏழு இனங்களை மாற்றி மாற்றிச் சேர்த்து நூற்றுக்கணக்கான கலப்புகளை உண்டாக்கினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் கண்ணாடி வீடுகளுக்குச் சூடேற்ற முடியாமல் போனதும் பெரும்பாலானவை அழிந்தன. அவர்கள் நிலக்கரி எரித்து உண்டாக்கிய சூடு, ரிங்லெட்டில் காற்றிலேயே இருக்கிறது.

நம் மலையில் தானாக வளர்பவை எவை? காட்டிலிருந்து ஒன்று எடுத்து வரலாமா?

தீபகற்பத்து மலைகளில் ஜவானிக்கம், ஜாஸ்மினிஃப்ளோரம், மலாயானம், லாங்கிஃப்ளோரம் ஆகியவை உண்டு. வீரேயா அல்லாத ரேயி என்ற இனத்தையும் கேமரன் பக்கமே பார்க்கலாம். 2,000 மீட்டருக்கு மேல் நிற்கும் குனோங் பிரிஞ்சாங்கின் பாசிக்காட்டில் பலகைப் பாதையில் நடந்தால் வீரேயாக்கள் மரக்கிளையில், பாசி மெத்தையில் வேர் விட்டு நிற்பதைக் கண்ணால் காணலாம். வேர் மண்ணையே தொட்டிருக்காது. வளர்க்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பூவை அல்ல, அந்த வேர் நிற்கும் இடத்தை.

எடுத்து வரக் கூடாது. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், பிழைக்காது என்பதும் உண்மை. பாசியோடு பெயர்க்கும்போது தலைமுடி போன்ற வேர்கள் அறுந்துபோகும். இலை மட்டும் இரண்டு மாதம் பச்சையாக நின்று ஏமாற்றும், பிறகு ஒரே வாரத்தில் சாயும். சாலையோரம் பாசி சுற்றி, பெயர்ச்சீட்டு இல்லாமல், வேர் ஒரு பக்கமாக வளைந்து விற்கிற செடி பெரும்பாலும் காட்டிலிருந்து வந்ததுதான். வாங்காதீர்கள்.

சபாவின் கினபாலு மலை (4,095 மீட்டர்) தனிக் கதை. எரிகாய்டெஸ் என்று சவுக்கு ஊசி போல இலை உள்ள ஒன்று உலகத்திலேயே அங்கு மட்டும்தான். அது உச்சிக்குப் பக்கத்தில் வாழ்வது. ரிங்லெட் அதற்குச் சூடு.

தேயிலை வளரும் மண்ணில் இது வளராதா? இரண்டுக்கும் புளிப்பு மண்தானே?

புளிப்பு ஒத்துப்போகும். தேயிலைக்குப் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.5 முதல் 5.5, ரோடோவுக்கு 4.5 முதல் 6. வித்தியாசம் காற்றில். தேயிலை ஆணிவேர் விட்டு களிமண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும். ரோடோவின் வேர் பஞ்சு போன்றது, மேலாகவே படரும். களிமண் ஈரத்தில் இறுகும்போது அந்த வேருக்கு மூச்சு முட்டும்.

காய்கறித் தோட்டத்து மண் இன்னும் மோசம். அதில் ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பும் கோழி எருவும் போட்டிருப்பார்கள். சுண்ணாம்பு புளிப்பைக் கொல்லும், கோழி எருவின் உப்பு வேரைக் கொல்லும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒரு சாக்கு அள்ளி வராதீர்கள்.

தரையில்தான் வைப்பேன் என்பவர்கள் குழி தோண்டாமல் மேடு கட்டுங்கள். தரை மேல் 30 செ.மீ. உயரத்துக்குக் கீழே சொல்லும் கலவையைக் குவித்து, சுற்றிலும் மட்கிய மரக்கட்டை வைத்து, அதன் மேல் நடுங்கள். சிமெண்டுச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி. மழைநீர் சுவரில் வழிந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும்.

தொட்டிக்குச் சரியான கலவை என்ன? அளவோடு சொல்லுங்கள்.

10 லிட்டருக்கு, அதாவது 8 அங்குலத் தொட்டி இரண்டுக்கு:

தேங்காய் மட்டைத் துண்டு (1 முதல் 2 செ.மீ.) 5 லிட்டர்
பெர்லைட் (பொரித்த இலேசான வெள்ளைக் கல்) அல்லது எரிமலைக் கல் 2 லிட்டர்
பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) 2 லிட்டர்
அடுப்புக்கரித் துண்டு (பட்டாணி அளவு) 1 லிட்டர்

மட்டைத் துண்டை அப்படியே போடக் கூடாது. அதில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய. வாளியில் ஊறவைத்து நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுங்கள். முதல் நாள் தண்ணீர் பால் சேர்க்காத கோப்பி-ஓ நிறத்தில் இருக்கும், மூன்றாம் நாள் வெளிர்ந்துவிடும். அப்போதும் கறுப்பாக இருந்தால் இன்னும் இரண்டு நாள். இந்த வேலையைத் தாண்டிப் போனவர்களின் செடியில்தான் இலை நுனி கருகுகிறது.

நட்ட பிறகு ஒரு சோதனை: தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்கக் கூடாது, ஊற்றிய கையோடு அடியில் கொட்ட வேண்டும். மேலே குளம் கட்டினால் பீட் மாஸ் அதிகம்.

தொட்டி பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். வேர் பிடிக்காத கலவை ஈரத்தை வைத்துக்கொண்டே புளித்துப்போகும். வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் அகலம் அதிகமிருந்தால் போதும். தண்டு முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். செடி ஆடுகிறது என்று கழுத்து வரை புதைத்தால் பட்டை அழுகும். குச்சி நட்டுக் கட்டுங்கள். மட்டை இரண்டு மூன்று ஆண்டில் மட்கிச் சேறாகும், அப்போது மாற்றிவிட வேண்டும்.

மரப்பெரணியின் தண்டு நாரை ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ரோடோவுக்கும் அருமையாக ஒத்துவரும். ஆனால் அந்தப் பெரணிகள் மெதுவாக வளர்பவை, அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. மட்டை இருக்கும்போது அது எதற்கு?

தண்ணீர் எவ்வளவு? வெயில் எவ்வளவு?

மேற்பரப்பில் ஒரு விரல் கணு ஆழம் வரை காய்ந்ததும் ஊற்றுங்கள். நாள் கணக்கு சொல்ல முடியாது. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மழையில் இரண்டு வாரம் ஊற்றவே தேவைப்படாது. பிப்ரவரியில் காற்று வறண்டு வீசும்போது ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையில் பழகுவதுதான் நிச்சயமான வழி. மழைநீர் முதல் தரம். குழாய்த் தண்ணீரின் பி.எச். பெரும்பாலும் 7-க்கு மேல் நிற்கும். வேறு வழியில்லை என்றால் அதையே ஊற்றி, மாதம் ஒருமுறை மழைநீரால் தொட்டியை நன்றாக அலசிவிடுங்கள்.

வெயில் காலை பதினொன்று வரை நேராகப் படலாம். அதற்கு மேல் 30 விழுக்காடு நிழல் வலை. முழு நிழலில் செடி சாகாது, ஆனால் நெட்டையாக வளர்ந்து பூக்காமல் நிற்கும்.

என்ன உரம்? தோட்டத்தில் கிடைக்கும் பசளையைப் போடலாமா?

அம்மோனியம் சல்பேட் தேயிலைத் தோட்டத்தில் தாராளமாகப் புழங்குவது. புளிப்பைக் காக்கும் என்பதால் ரோடோவுக்கும் ஆகும். ஆனால் அளவு: 5 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, மாதம் ஒருமுறை, அதுவும் ஈரமான கலவைக்கு மட்டும். கைப்பிடியாகத் தூவினால் செடி மூன்றே நாளில் போய்விடும்.

புதியவர்களுக்கு மெதுவாகக் கரையும் உர உருண்டைதான் நிம்மதி. 5 அங்குலத் தொட்டிக்கு அரைத் தேக்கரண்டி, 8 அங்குலத்துக்கு ஒன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு பசிக்காரச் செடிகளுக்கானது, ரோடோ கொறித்துத் தின்னும் சாதி. சுண்ணாம்புச் சத்து இதற்கும் கொஞ்சம் வேண்டும். டோலமைட் சுண்ணாம்பு போட்டால் புளிப்பு போய்விடும், ஜிப்சம் போட்டால் போகாது. ஆண்டுக்கு இருமுறை அரைத் தேக்கரண்டி ஜிப்சம்.

தொட்டி ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனால் இலை தொங்குகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். இது தாகம் அல்ல, வேர் அழுகல். ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற நீர்ப்பூஞ்சை. 1922-இல் சுமத்திராவின் இலவங்கப்பட்டை மரங்களில் அடையாளம் கண்டதால் அந்தப் பெயர். அழுகிய வேர் தண்ணீரை ஏற்ற முடியாமல் போவதால்தான் ஈரத்தின் நடுவே செடி வாடுகிறது.

செடியைத் தொட்டியிலிருந்து உருவுங்கள். நல்ல வேர் வெளிர் பழுப்பு, நுனி வெள்ளை. அழுகிய வேரை இரு விரலால் இழுத்தால் மேல்தோல் சட்டை கழல்வது போல் உருவி வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் நிற்கும். தண்டின் அடியில் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால், கறுத்த வேரை எல்லாம் வெட்டி, ஃபாஸ்ஃபோனேட் வகைப் பூஞ்சை மருந்தில் நனைத்து, சிறிய தொட்டியில் புதுக் கலவையில் வைத்து, இலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து நிழலில் விடலாம். செம்பழுப்புக் கோடு தண்டில் ஏறியிருந்தால் மேல்கிளையிலிருந்து பதியன் குச்சி வெட்டிக்கொண்டு, மற்றதைத் தொட்டிக் கலவையோடு எரித்துவிடுங்கள். அந்தக் கலவையை வேறு தொட்டியில் கொட்டுவதுதான் ஒரு செடியின் நோயைப் பத்துச் செடிக்குப் பரப்பும் வேலை.

இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளி. துரு நோயா?

பாதிப் பேர் செதிலைப் பார்த்துவிட்டு மருந்து வாங்க ஓடுகிறார்கள். வெள்ளைத் துணியால் தேயுங்கள். மஞ்சளோ ஆரஞ்சோ பொடி ஒட்டினால் துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, காற்றோட்டம் கொடுத்து, மாலையில் இலை நனையாமல் பாருங்கள். பொடி ஒட்டாவிட்டால் அது செடியின் சொந்தச் செதில்.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை. கலவையில் புளிப்பு குறைந்திருக்கும், இல்லையேல் வேர் கெட்டிருக்கும். முதலில் வேர், பிறகு பி.எச்., கடைசியில்தான் இரும்புக் கீலேட் (செடி எளிதில் உறிஞ்சும் வடிவில் உள்ள இரும்புச் சத்து). மேலே தெளித்து இலையைப் பச்சையாக்கிவிட்டு அடியில் அழுகலை விட்டுவைப்பதில் பயனில்லை.

மொட்டு வைக்கிறது, பூக்காமல் காய்ந்து உதிர்கிறது.

மொட்டு வீங்கும் நேரத்தில் ஒருநாள் முழுக்கக் காய விட்டிருப்பீர்கள். அல்லது தொட்டியை இடம் மாற்றியிருப்பீர்கள். மொட்டை ஊசியால் பிளந்து பார்த்து உள்ளே கருப்புத் துகள் இருந்தால் இலைப்பேன்.

மொட்டே வைக்கவில்லை என்பது வேறு கேள்வி. கிளை நுனியைப் பாருங்கள்: ஒல்லியாகக் கூர்மையாக இருப்பது இலை மொட்டு, கொட்டைப்பாக்கு போல் உருண்டிருப்பது பூ மொட்டு. ஆண்டு முழுக்க ஒல்லி மொட்டுதான் என்றால் நிழல் அதிகம், அல்லது தழைச்சத்து அதிகம். பூ முடிந்ததும் கொத்தின் காம்பை விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்து ஒடித்துவிடுங்கள். அதன் அடியில் அடுத்த துளிர்கள் தயாராக நிற்கும், கத்தரி போட்டால் அவையும் போய்விடும். நெட்டையான கிளையை இலை வட்டத்துக்குச் சற்று மேலே வெட்டலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் துளிர்க்கும். ஒரே நாளில் எல்லாக் கிளையையும் மொட்டையடிக்காதீர்கள்.

குச்சி வெட்டிப் பதியன் போடுவது எப்படி?

கடைசியாக விட்ட துளிர் இளசு தாண்டி, கட்டை ஆவதற்கு முந்திய நிலையில் இருக்க வேண்டும். காலை நேரம், ஸ்பிரிட்டால் துடைத்த கத்தி. 7 முதல் 10 செ.மீ. குச்சி, மேலே மூன்று நான்கு இலை. இலைகளைப் பாதியாக வெட்டுங்கள். அடியில் ஒரு பக்கம் 2 செ.மீ. நீளத்துக்குப் பட்டையை மெல்லச் சீவுங்கள், வேர் அந்தக் காயத்தின் ஓரத்திலிருந்துதான் கிளம்பும். 0.3 முதல் 0.8 விழுக்காடு ஐ.பி.ஏ. வேர்ப்பொடியில் தொட்டு, அதிகப் பொடியைத் தட்டி உதறி, பீட் மாஸும் பெர்லைட்டும் சரிபாதி கலந்ததில் குத்துங்கள். மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் பெட்டி, வெளிச்சமான நிழல்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அதுவரை தோண்டிப் பார்க்கக் கூடாது. மெல்ல இழுத்தால் குச்சி பிடித்து நின்றால் வேர் வந்துவிட்டது. பத்து நாளுக்குள் இலை கொட்டினால் குச்சி இளசு. மூன்று மாதம் கழித்தும் அடியில் வெள்ளைக் கட்டி மட்டும் வீங்கி வேர் இல்லாவிட்டால் அந்தக் கட்டியை லேசாகச் சீவி மறுபடி பொடி தொட்டு வையுங்கள். வேர் வந்ததும் மூடியை ஒரேயடியாகத் திறக்காமல் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக.

குச்சி பிடிக்காத முரட்டு வகைகளுக்கு மலாயில் ‘துட்’ என்கிற விண்பதியம்: பட்டையை வளையமாக 2 செ.மீ. உரித்து, ஈரப் பாசி சுற்றி, பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டி, வேர் வெளியே தெரியும் வரை விடுவது.

விதையிலிருந்து? கலப்பும் நானே செய்து பார்க்க வேண்டும்.

பொறுமை உள்ளவர்களுக்கு இதுதான் சுவாரசியம். விரியப் போகும் பூவைத் தாய்ச்செடியில் தேர்ந்து, இதழைக் கிழித்து, பத்து மகரந்தப் பைகளையும் இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். தந்தைச் செடியின் பூவிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பையின் நுனியைக் கூர்ந்து பாருங்கள்: இரண்டு சிறு துளைகள். பூந்தூள் பொடியாகக் கொட்டாது. பிசுபிசுத்த நூலில் கோத்தது போல, ஊசி நுனி பட்டால் சரமாக இழுத்துக்கொண்டு வரும். அந்தச் சரத்தைத் தாய்ப்பூவின் சூல்முடி பளபளத்து ஒட்டும் பதத்தில் இருக்கும்போது தடவி, அலுமினியத் தாளால் தொப்பி போட்டு மூடுங்கள். சீட்டில் தாயின் பெயர் முதலில், பிறகு ×, பிறகு தந்தை, தேதி. வீரேயாவை அசேலியாவோடு சேர்க்க முயல வேண்டாம், அநேகமாக ஒட்டாது.

காய் முற்ற நான்கு முதல் ஆறு மாதம். பச்சை மங்கி நுனி வெடிக்கத் தொடங்கியதும் பறித்துத் தாள் உறையில் போடுங்கள். ஐந்தாகப் பிளந்து நூற்றுக்கணக்கில் விதை கொட்டும். தும்மினால் பறந்துவிடும் அளவு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு விதைக்கும் இரு முனையிலும் வால். காற்றில் மிதந்து இன்னொரு மரக்கிளையில் சிக்குவதற்கான ஏற்பாடு.

சோறு கட்டித் தரும் தாபாவ் டப்பா ஒன்றில் நறுக்கிய ஸ்பாக்னம் பாசியை 3 செ.மீ. பரப்பி, நனைத்து, விதையை மேலே தூவி, மூடுங்கள். விதையை மண்ணால் மூடக் கூடாது. வெளிச்சம் இருந்தால்தான் முளைக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஆறு மாதம் வரை அவை ஊசி முனையாகவே இருக்கும், பயப்படாதீர்கள். நான்கைந்து இலை வந்ததும் பிரித்து நடலாம். முதல் பூவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. விதையைச் சேர்த்து வைக்க நினைத்தால் குளிர்பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு. வெளியே வைத்தால் சில மாதத்தில் முளைப்புத் திறன் போய்விடும்.

நாற்றுப்பண்ணைக்காரர்கள் சொல்லும் விலை அதிகமாக இருக்கிறதே?

குச்சி வெட்டிய நாளிலிருந்து விற்கும் அளவுக்கு வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. அதற்குள் அழுகியவை, வேர் விடாதவை எல்லாம் அவர் கணக்கில். விதையிலிருந்து புது வகை எடுப்பவரின் வேலை இன்னும் கடினம். நூறு நாற்றை ஐந்து ஆண்டு வளர்த்து, பூ பார்த்து, தொண்ணூற்றெட்டை எருக்குழியில் போடத் தெரிய வேண்டும். சுமாரான நாற்றுக்கெல்லாம் பெயர் வைத்து விற்பவர் பண்ணைக்காரர் அல்ல, வியாபாரி. புது வகைக்கு வைக்கும் பெயரை உலக அளவில் பதிவு செய்வது இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்சரல் சொசைட்டி.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள். தொட்டியைச் சாய்த்து அடித்துளையில் வெள்ளை வேர் நுனி தெரிகிறதா, தண்டின் அடி ஆடாமல் நிற்கிறதா, சீட்டில் தாய் தந்தை பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். “ஆரஞ்சு, பெரிய பூ” என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு விலை கொடுக்க வேண்டாம். முதல் செடிக்கு லேடம் × ஆரிஜெரானம் கலப்பு ஏதாவது கேளுங்கள், மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கும், பிழை பொறுக்கும்.

வெளிநாட்டு விதையோ செடியோ தருவிப்பதானால் 1976-ஆம் ஆண்டுத் தாவரக் குவாரன்டின் சட்டப்படி இறக்குமதி அனுமதி முதலில்.

கீழே தாப்பா, பீடோரில் இருக்கிறோம். வளர்க்கவே முடியாதா?

முடியும், எல்லா வகையும் அல்ல. லாங்கிஃப்ளோரமும் புரூக்கியானமும் கடல்மட்டத்துக்குப் பக்கத்திலிருந்தே இயற்கையாக வளர்பவை. அவற்றையும் அவற்றின் கலப்புகளையும் தேடுங்கள். அங்கே எதிரி பகல் வெயில் அல்ல, ஆறாத இரவும் சூடேறிய வேரும். கறுப்பு பாலிபேக் வெயிலில் அடுப்பாகும். மண்தொட்டி, 50 விழுக்காடு வலை, கலவையில் பீட் மாஸைப் பாதியாக்கிக் கரியைக் கூட்டுங்கள்.

நீலகிரியில் பார்த்த சிவப்புப் பூ மரம்?

அது ஆர்போரியம் இனத்தின் நீலகிரி வகை, காட்டுப்பூவரசு என்பார்கள். உறைபனி விழும் புல்வெளியில் நிற்கும் மரம். இங்கே அதற்குத் தேவையான குளிர்காலம் கிடைக்காது. ஊருக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.

சாமிக்கு வைக்கலாமா? வீட்டில் ஆடு இருக்கிறது.

படத்துக்குச் சாத்துவதில் தடையில்லை. பஞ்சாமிர்தம், பால் அருகே போட வேண்டாம், பூவும் இலையும் தேனும் நஞ்சு கொண்டவை. கிரையனோடாக்சின் என்று பெயர். துருக்கியின் கருங்கடல் கரையில் இந்தத் தேனைத் தின்று கிரேக்கப் படை ஒன்று கி.மு. 401–400 வாக்கில் மயங்கி விழுந்த செய்தி உண்டு. ஆடு தின்றால் எச்சில் வடிக்கும், வாந்தி எடுக்கும், நாடி தளரும். உடனே கால்நடை மருத்துவர். வெட்டிய கிளைகளை ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போடாதீர்கள், அதிகம் நடக்கும் தவறு அதுதான்.

தீபாவளிக்குப் பத்து நாள் வெளியூர். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாமா?

அக்கா அன்போடு தினமும் ஊற்றிவிடுவார், அதுதான் சிக்கல். அந்த மாதத்தில் மழை இருக்கும். தொட்டிகளை நன்றாக நனைத்து, வலைக்கு அடியில் நெருக்கமாக வைத்து, தட்டு எதுவும் அடியில் இல்லாமல் செங்கல் மேல் ஏற்றிவிட்டுப் போங்கள். அக்காவிடம், “ஐந்து நாள் தொடர்ந்து மழை இல்லாவிட்டால் மட்டும் ஒருமுறை ஊற்றுங்கள்” என்று சொன்னால் போதும்.